சின்ன காரில் சஸ்பென்ஷன் மாற்றியவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கோவை, ஸ்விஃப்ட் பெட்ரோல்

ஸ்விஃப்ட்டுக்கு எந்த ஸ்பிரிங் போட்டால் வளைவில் சாயாமல் போகும் என்று பலரும் கேட்கிறார்கள். ஸ்பிரிங் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. என் காரில் செய்த வேலைகளை, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் கீழே சேருங்கள்.

என்னுடையது 2011 ஆகஸ்டில் வந்த இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட், 1.2 பெட்ரோல். முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக இருக்கும் அமைப்பு), பின்னால் டார்ஷன் பீம் (பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும், முறுகிக்கொடுக்கும் குறுக்குத் தண்டு). எடையில் பாதிக்கு மேல் முன் சக்கரங்கள் மேல்தான். நான் அடிக்கடி போகிற ரோடு ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஒரு காரின் குணம் முழுக்கத் தெரிந்துவிடும். ஸ்டியரிங் திருப்பியதும் மூக்கு உள்ளே வருகிறதா, வண்டி சாய்ந்து நின்ற பிறகு இன்னொரு முறை ஆடுகிறதா, வளைவுக்குள் ஒரு சின்ன பள்ளம் வந்தால் பின்பக்கம் துள்ளி நகர்கிறதா என்று எல்லாமே தெரியும்.

முதலில் டயர். என் மாடலில் வந்தது 165/80 ஆர்14, அதாவது அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் (சைடுவால்) உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம். சைடுவால் உயரம் 132 மில்லிமீட்டர். வளைவில் வண்டி சாய்வதாக நாம் நினைப்பதில் ஒரு பங்கு அந்த ரப்பர் சுவர் மடங்குவதுதான். மேல் வேரியன்டில் கம்பெனியே 185/65 ஆர்15 கொடுத்தது. அதில் சைடுவால் 120 மில்லிமீட்டர். மொத்த விட்டத்தைக் கணக்குப் போட்டால் பழையது சுமார் 620, புதியது சுமார் 621. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, ஃபென்டரில் உரசாது. அந்த வேரியன்டின் வீல், டயர் இரண்டையும் போட்டேன். ஸ்டியரிங் திருப்பியதற்கும் மூக்கு திரும்புவதற்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன தாமதம் குறைந்ததை, மலை ஏறுவதற்கு முன் பொள்ளாச்சி ரோட்டிலேயே உணர்ந்தேன். வேறு ஒன்றும் செய்யப் பணம் இல்லை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கையில் இருக்கும் பணத்துக்கு இதைவிடப் பலன் தரும் வேலை இல்லை.

அடுத்தது ஷாக் அப்சார்பர். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். வண்டி எவ்வளவு சாயும் என்பதை ஸ்பிரிங்கும் ஸ்டெபிலைசர் பாரும் (இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) முடிவு செய்கின்றன. எவ்வளவு வேகமாகச் சாயும், சாய்ந்தபின் ஆடாமல் நிற்குமா என்பது ஷாக்கின் வேலை. ஓட்டுகிறவரின் நம்பிக்கை இரண்டாவதில்தான் இருக்கிறது. கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரே சீராகச் சாய்ந்து நின்றுவிடும் கார் பயமுறுத்தாது. என் பழைய ஷாக்கில் ஆயில் கசிவு எதுவும் இல்லை. பானெட்டை அமுக்கிவிட்டால் ஒரே எழும்பலில் நின்றது. ஆனாலும் அவை தளர்ந்திருந்தன. அமுக்கிப் பார்க்கும் சோதனையில் முழுக்கச் செத்த ஷாக் மட்டுமே மாட்டும். பின் டயரில் கையை வைத்துத் தடவினால் அலை அலையாகத் தேய்ந்திருந்தது. அதுதான் சரியான அடையாளம்.

நான் போட்டது காஸ் நிரப்பிய ட்வின் ட்யூப் ஷாக், நாலு பக்கமும். உள்ளே குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் இருப்பதால் ஆயில் நுரைப்பது குறைகிறது. மோசமான ரோட்டில் தொடர்ந்து ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியும். இன்னும் மேலே போக விரும்புகிறவர்களுக்கு பில்ஸ்டைன் பி6 போன்ற மோனோட்யூப் வகை உண்டு. அதில் காஸும் ஆயிலும் மிதக்கும் பிஸ்டனால் தனித்தனியாகப் பிரிந்திருக்கும். என் தேவைக்கு அது அதிகம் என்று விட்டுவிட்டேன்.

ஸ்பிரிங்கை மாற்றவில்லை. உயரத்தையும் குறைக்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மெக்பர்சன் ஸ்ட்ரட் வைத்த காரை அளவுக்கு மீறி இறக்கினால், சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் சக்கரத்தின் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது வண்டியின் எடை மையம் இறங்குவதைவிட ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) அதிகமாக இறங்கும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம், அதாவது வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல், நீளமாகிறது. தரையோடு ஒட்டி நிற்கும் கார் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதே இறுக்கமுள்ள ஸ்பிரிங்கில் முன்பைவிட அதிகம் சாயும். அதைச் சரிக்கட்ட ஸ்பிரிங்கை மேலும் இறுக்க வேண்டும், பிறகு ஷாக்கையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். நம்மூர் வேகத்தடைகளுக்கு நடுவே அந்தப் பாதையில் இறங்க எனக்கு விருப்பமில்லை.

சென்னை, ஃபிகோ டீசல்

அண்ணா, டயருக்கும் முன்னால் புஷ்ஷைச் (சஸ்பென்ஷன் பாகங்கள் இணையும் இடத்தில் இருக்கும் ரப்பர் உறை) சேருங்கள். என்னுடையது மறைமலைநகரில் தயாரான பழைய ஃபிகோ. 2010-இல் அந்த மாடல் வந்தபோதே ஹேண்ட்லிங்குக்குப் பேர் போனது, ஹைட்ராலிக் ஸ்டியரிங் வேறு. அப்படிப்பட்ட வண்டி 80-க்கு மேல் போனால் லேன் மாற்றும்போது பின்னால் யாரோ இழுப்பது போல அலைந்தது. ஸ்பிரிங் செட் வாங்கிவிடலாம் என்று விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு தெரிந்த மெக்கானிக் வண்டியைத் தூக்கி, லோயர் ஆர்முக்கு நடுவில் லிவரை வைத்து நெம்பிக் காட்டினார். பின்பக்க புஷ்ஷில் ரப்பர் கிழிந்து உள்குழாய் தனியாக ஆடியது. ஸ்டெபிலைசர் பாரை இணைக்கும் லிங்க் ராடு இரண்டும் கடகட. ஸ்ட்ரட்டின் மேல்முனையைப் பிடிக்கும் மவுண்ட்டில் பேரிங் மணலாக அரைத்தது.

எல்லாம் கம்பெனி பாகங்களாகவே போட்டேன். எதையும் அப்கிரேட் செய்யவில்லை. வண்டி புதுசாக வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆனது. 'சஸ்பென்ஷன் அப்கிரேட்' என்று நாம் தேடுவதில் பெரும்பாலானது இழந்ததைத் திரும்பப் பெறுவதுதான் என்று இப்போது நம்புகிறேன். மழைக்காலத்தில் தண்ணீரிலும் பள்ளத்திலும் ஓடும் சென்னை வண்டிகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

சேலம், பட்டறை வைத்திருப்பவர்

மேலே இருவர் சொன்னதும் சரி. பட்டறைப் பக்கத்திலிருந்து சில விஷயம் சொல்கிறேன். வேலை கொடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை வண்டி லிஃப்ட்டில் தொங்கும்போது முழுசாக முறுக்கக் கூடாது. சக்கரம் தொங்கும் நிலையில் ரப்பரை இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதும் அது நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே நிற்கும். நல்ல புஷ்கூட சீக்கிரம் கிழியும். போல்ட்டை லேசாகப் போட்டு, சக்கரத்தில் எடை இறங்கிய பிறகு டார்க் ரென்ச்சில் இறுக்க வேண்டும். நிறைய இடத்தில் நேரம் இல்லை என்று இதைத் தவிர்க்கிறார்கள். 'போன வருஷம்தானே புஷ் மாத்தினேன்' என்று வருகிற பல வண்டிகளில் கதை இதுதான்.

ஸ்ட்ரட்டைக் கழற்றினால் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது தடுக்கும் ரப்பர்), டஸ்ட் கவர் எல்லாவற்றையும் அப்போதே பாருங்கள். கூலி ஒருமுறைதான். ஷாக்கை ஜோடியாக மாற்றுங்கள், ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக் அடிக்கும்போது வண்டி நேராக நிற்காது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் கயிறு கட்டி ஸ்ட்ரட் நட்டைக் கழற்றும் ஆளிடம் வேலை கொடுக்காதீர்கள். அழுத்தி வைத்த ஸ்பிரிங் விடுபட்டால் ஆளையே கொன்றுவிடும். இதில் நான் யாரிடமும் சமாதானம் பேச மாட்டேன்.

கடைசியில் வீல் அலைன்மென்ட். ஸ்விஃப்ட் போன்ற வண்டியில் கம்பெனி அமைப்பில் முன்பக்க டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் கோணம்) மட்டும்தான் திருத்த முடியும், பின்னால் டார்ஷன் பீம் என்பதால் திருத்த ஒன்றுமில்லை. ஆனாலும் பின்பக்க ரீடிங்கைக் கேட்டு வாங்குங்கள். அது அளவு மீறியிருந்தால் பீம் வளைந்திருக்கலாம், அப்படியிருந்தால் முன்பக்கத்தில் என்ன போட்டாலும் வண்டி நேராக ஓடாது.

மதுரை, செகண்ட் ஹேண்ட் ஆல்டோ

நான் வாங்கியபோது வண்டி பார்க்க அம்சமாகத் தாழ்ந்து நின்றது. முந்தைய உரிமையாளர் ஸ்பிரிங்கில் சுற்று வெட்டியிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கொடைக்கானல் இறக்கத்தில் ஒரு வலது வளைவு, நடுவில் ரோடு ஒட்டுப் போட்ட மேடு. வண்டி அதில் ஏறியதும் அடியில் டொக் என்று ஒரு சத்தம், அடுத்த நொடி முன்பக்கம் அப்படியே வெளியே வழுக்கியது. எதிரே வண்டி இல்லாததால் தப்பினோம். என் அம்மா பின்சீட்டில் இருந்தார்கள்.

அந்தச் சத்தம் எதனால் என்று பிறகு தேடித் தேடிப் படித்தேன். வெட்டிய ஸ்பிரிங்கில் ஷாக் கீழே போக மிச்சமிருக்கும் தூரம் குறைவு. வளைவில் சாய்ந்தபோதே அந்தப் பக்கம் பம்ப் ஸ்டாப்பைத் தொட்டுவிடுகிறது. அதன்மேல் ஒரு மேடு வந்தால் அங்கே ஸ்பிரிங்கே இல்லாத மாதிரிதான், டயர் பிடியை விட்டுவிடும். கணக்கும் எளிது. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் இறுக்கம் 20 சதவீதம் கூடும். ஆனால் ஷாக் பழைய இறுக்கத்துக்குச் செய்தது. ஆகவே அது அடக்க முடியாமல் வண்டி குதிக்கிறது. ஜாக் வைத்துத் தூக்கியபோது ஸ்பிரிங் சீட்டை விட்டுக் கழன்று ஆடியதையும் பார்த்தேன். அன்றே கம்பெனி ஸ்பிரிங் நாலும் வாங்கி மாட்டினேன். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றைப் பாருங்கள். அறுத்த முனை நன்றாகத் தெரியும்.

கோவை, டிராக்கில் ஓட்டுபவர்

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சின்ன கார் ஓட்டியிருக்கிறேன். முன்சக்கர இழுவைக் காரில் அண்டர்ஸ்டியரை (வளைவில் மூக்கு உள்ளே வராமல் வெளியே போவதை) குறைக்க பின்பக்கத்தை இறுக்குவது வழக்கம். டார்ஷன் பீம் தானே ஒரு ஸ்டெபிலைசர் போல வேலை செய்கிறது. அதோடு ஒரு கம்பியைச் சேர்த்தால் மூக்கு அழகாக உள்ளே வரும். டிராக்கில் எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் சுற்றப் பார்க்கும். டிராக்கில் சுற்றினால் மண்ணில் போய் நிற்கலாம். ஈரமான வால்பாறை ரோட்டில் திடீரென்று எதிரே பஸ் வந்தால் யாராக இருந்தாலும் முதலில் காலைத்தான் எடுப்பார்கள். வீட்டுக் காரில் பின்பக்கத்தைக் கூடுதலாக இறுக்காதீர்கள் என்று சொல்ல அந்த ஒரு காரணம் போதும்.

கோவை, ஸ்விஃப்ட் பெட்ரோல்

சேலம் நண்பர் சொன்ன புஷ் விஷயம் பொன்னானது. ஃபிகோ தம்பி சொன்னபடி வரிசையில் முதலிடம் அதற்குத்தான். மதுரை சகோதரி, நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பதே பெரிய விஷயம்.

தனிச்செய்தியில் சிலர் சட்டம் பற்றிக் கேட்டிருந்தார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் இதை உறுதிப்படுத்தியது. தேய்ந்த ஷாக்கை அதே அளவில் வேறு ஷாக்கால் மாற்றுவது சாதாரணப் பராமரிப்பு. உயரத்தைக் குறைப்பதும், ஃபென்டரை விட்டு வெளியே நிற்கும் வீல் போடுவதும் அப்படியல்ல. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் பார்ப்பார். மேல் வேரியன்டின் டயர் அளவையே நான் எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம், போட்டதை அவர்களுக்குக் கடிதமாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சொகுசு குறைந்ததா என்று கேட்டவர்களுக்கு: ஊருக்குள் மெதுவாகப் போகும்போது சின்னக் குழிகள் முன்பைவிடக் கொஞ்சம் தெரிகின்றன, அதில் பாதி டயரால் வருவது. 60-க்கு மேல் வண்டி முன்பைவிட அமைதி. மலையில் பின்சீட்டில் வாந்தி எடுத்துக்கொண்டே வரும் என் மகள் இப்போது ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூ பாயின்ட்டைத் தாண்டியும் ஜன்னலில் வரையாடு தேடிக்கொண்டு வருகிறாள். அடுத்ததாக முன்பக்க ஸ்டெபிலைசர் புஷ் மாற்றப் போகிறேன். மாற்றிவிட்டு எழுதுகிறேன்.