இடது இண்டிகேட்டர் போட்டால் ஸ்கிரீன் விட்டுவிட்டுக் கறுக்கிறது, ரிவர்ஸ் போட்டால் இண்டிகேட்டர் எரிகிறது: யாராவது வழி சொல்லுங்கள்

பேட்டைக்காரன்:

வண்டி 2018 ஸ்விஃப்ட். கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு 9 இஞ்ச் ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் போட்டு ரொம்ப நாளாகிறது. கூடவே மாட்டிய ரிவர்ஸ் கேமராவும் இதுவரை ஒழுங்காகத்தான் இருந்தது.

திருநெல்வேலி பேட்டையிலிருந்து டவுன், ஜங்ஷன் வழியாகப் பாளையங்கோட்டைக்கு வேலைக்குப் போகிறேன். ஈரடுக்குப் பாலம் இறங்கி, சுலோச்சன முதலியார் பாலம் தாண்டி, வண்ணாரப்பேட்டை போய்ச் சேரும்வரை இடது பக்கம் பைக்குகள் எந்தச் சந்தில் நுழையும் என்று சொல்ல முடியாது. அதனால் இடது கண்ணாடிக்கு அடியில் ஒரு கேமரா மாட்டி, இண்டிகேட்டர் போட்டதும் அந்தப் படம் ஸ்கிரீனில் வருகிற மாதிரி செய்து தரச் சொல்லி ஒரு கடையில் விட்டேன். வண்டி கைக்கு வந்ததிலிருந்து இதுதான் நிலைமை.

இடது இண்டிகேட்டர் போட்டால் ஸ்கிரீன் கறுத்து 'நோ சிக்னல்' என்று வருகிறது. உடனே மேப் திரும்புகிறது, மறுபடி கறுப்பு. விளக்கு மின்னுகிற தாளத்திலேயே இது நடக்கிறது. பாட்டும் அதே தாளத்தில் நின்று நின்று கேட்கிறது. அதைவிட விசித்திரம், ரிவர்ஸ் கியர் போட்டால் இடது இண்டிகேட்டர் நிலையாக எரிகிறது! இண்டிகேட்டர் போடும்போது பின்னால் ரிவர்ஸ் லைட்டும் சேர்ந்து மின்னுகிறது என்று வீட்டில் நின்று பார்த்துச் சொன்னார்கள். நன்றாக இருந்த ரிவர்ஸ் படமும் இப்போது மங்கலாக, கோடு கோடாக ஓடுகிறது.

கடையில் கேட்டால், "ஸ்கிரீன் போர்டு போயிருக்கும், புதுசு மாத்திருங்க" என்கிறார்கள். உண்மைதானா?

வள்ளியூர் வயரிங்:

தம்பி, ஸ்கிரீனை மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் போர்டில் கோளாறே இல்லை. இண்டிகேட்டர் வயரையும் ரிவர்ஸ் லைட் வயரையும் ஒன்றாக முறுக்கி, ஸ்கிரீனின் ரிவர்ஸ் டிரிகர் வயரில், அதாவது ரிவர்ஸ் போட்டதை ஸ்கிரீனுக்குச் சொல்கிற வயரில், சேர்த்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் 12 வோல்ட் வந்தாலும் அது மற்றப் பக்கத்துக்கும் போகிறது. ஒன்றைப் போட்டால் மற்ற விளக்கும் எரிவது அதனால்தான்.

இன்றைக்கே அந்த முறுக்கைப் பிரித்து, இண்டிகேட்டர் வயரைத் தனியாக டேப் சுற்றிவிடுங்கள். இடது கேமரா வராவிட்டால் குடி முழுகிவிடாது. ஆனால் ரிவர்ஸ் லைட் கரண்ட் இண்டிகேட்டர் லைன் வழியாக, வண்டி விளக்குகளை இயக்குகிற கம்ப்யூட்டர் பெட்டியான பி.சி.எம். பக்கம் திரும்பிப் போய்க்கொண்டே இருந்தால், அந்தப் பெட்டி கெட்டால் ஆகிற செலவு ஸ்கிரீனைவிடப் பெரியது. பின்னால் வருகிறவனுக்கும் நீங்கள் ரிவர்ஸ் எடுக்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்று புரியாது.

பிரித்த பிறகு மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். புதுக் கேமராவின் சிவப்பு வயர் எங்கே போகிறது? கேமரா அட்டைப்பெட்டியில் ஏ.எச்.டி. என்று போட்டிருக்கிறதா, சி.வி.பி.எஸ். என்று போட்டிருக்கிறதா (இரண்டும் கேமரா படத்தை அனுப்புகிற சிக்னல் வகைகள்)? இரண்டு கேமராவின் படத்தைக் கொண்டுவருகிற மஞ்சள் ஆர்.சி.ஏ. பின்னும் ஸ்கிரீனில் எப்படிச் சேர்கின்றன?

அம்பை டிரைவர்:

இதுக்கெல்லாம் கேமரா எதுக்கு வே? கண்ணாடியை ஒழுங்காக வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். முக்கால்வாசிப் பேர் இடது கண்ணாடியில் தன் வண்டியின் கதவைத்தான் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். உட்கார்ந்தபடியே தலையை வண்டியின் நடுவுக்குச் சாய்த்து, அங்கிருந்து பார்க்கும்போது வண்டியின் ஓரம் லேசாகத் தெரிகிற அளவுக்கு இடது கண்ணாடியை வெளியே தள்ளுங்கள். நேராக உட்கார்ந்தால் சொந்த வண்டி தெரியாது, பக்கத்து ஆள் தெரிவான். ஒட்டுகிற குட்டி உருண்டைக் கண்ணாடி ஒன்றும் வாங்கிப் போடுங்கள். பாபநாசம் ரோட்டில் இவ்வளவு காலமும் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

வள்ளியூர் வயரிங்:

அண்ணாச்சி சொல்வது சரிதான், கேமரா போட்டாலும் அதைச் செய்ய வேண்டும். ஆனால் டவுனுக்குள் கதவை ஒட்டி, கண்ணாடிக்குக் கீழே நிற்கிற பைக் அதில் தெரியாது. தம்பி கேட்பது அதற்கு.

பேட்டைக்காரன்:

முறுக்கைப் பிரித்துவிட்டேன் அண்ணாச்சி. நீங்கள் சொன்னபடியே இருந்தது. இப்போது இண்டிகேட்டரும் ரிவர்ஸ் லைட்டும் தன் தன் வேலையைப் பார்க்கின்றன, ரிவர்ஸ் படமும் தெளிவாகிவிட்டது.

புதுக் கேமராவின் சிவப்பு வயரும் இண்டிகேட்டரிலேயே சேர்ந்திருந்தது. பெட்டியில் ஏ.எச்.டி. 720பி என்று இருக்கிறது. பழைய ரிவர்ஸ் கேமரா எது என்று தெரியவில்லை, ஆனால் ஸ்கிரீன் செட்டிங்கில் கேமரா வகை சி.வி.பி.எஸ். என்று தேர்வாகியிருக்கிறது. இரண்டு மஞ்சள் பின்னையும் ஒய் வடிவ ஜாயிண்ட் ஒன்றில் சேர்த்து ஒரே துளையில் செருகியிருக்கிறார்கள். ஸ்கிரீனுக்குப் பின்னால் கேமரா துளையே ஒன்றுதான். வயரைக் கதவுக் கண்ணாடி ரப்பர் வழியாக உள்ளே விட்டிருக்கிறார்கள், அது வேறு உறுத்துகிறது.

வள்ளியூர் வயரிங்:

எல்லாம் தெளிவாகிவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே வேலையைக் கெடுத்துக்கொண்டு வருகிற வண்டிகள் நிறைய.

இண்டிகேட்டர் வயரில் வருவது நிலையான 12 வோல்ட் இல்லை. விதிப்படி நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மின்ன வேண்டும், அதாவது ஒவ்வொரு நொடியும் ஒருமுறையாவது கரண்ட் அறுந்து அறுந்து வருகிறது. அதில் கேமராவுக்கு பவர் கொடுத்தால், ஒவ்வொரு மின்னலுக்கும் அது புதிதாக எழுந்திருக்க வேண்டும். எழுந்து படம் அனுப்புவதற்குள் பவர் போய்விடும். ஸ்கிரீனும் அதே கரண்டைப் பார்த்து ரிவர்ஸ் வந்தது, போனது, வந்தது என்று மாறுகிறது. ரிவர்ஸ் என்றால் பாட்டை நிறுத்து என்று அதற்குள் செட்டிங் இருக்கிறது, பாட்டு நிற்பது அதனால்.

ஆகவே பக்கக் கேமராவின் பவர் இண்டிகேட்டரிலிருந்து வரக்கூடாது. சாவி திருப்பினால் வருகிற ஏ.சி.சி. லைனிலிருந்து, ஃபியூஸ் பெட்டியில் செருகிக் கிளை எடுக்கிற ஃபியூஸ் டேப் போட்டு, 2 ஆம்பியர் ஃபியூஸோடு எடுங்கள். ரிவர்ஸ் கேமராவையும் இதே லைனுக்கு மாற்றிவிட்டால் கியர் போட்டதும் படம் உடனே வரும்.

அடுத்தது ஒய் ஜாயிண்ட். அதைத் தூக்கிப் போடுங்கள். வீடியோ லைன் ஒவ்வொன்றும் ஒரு கேமராவுக்கு ஒரு துளை என்று, 75 ஓம் மின்தடைக் கணக்கில் அமைந்தது. ஒரே துளையில் இரண்டு கேமரா கலந்தால் படம் மங்கும், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் கோடு ஓடும். ரிவர்ஸ் போட்டபோது கரண்ட் திரும்பிப் போய்ப் பக்கக் கேமராவையும் எழுப்பியது, அதனால்தான் அந்தப் படமும் கெட்டது.

உங்களுக்குத் தேவை கேமரா ஸ்விட்ச்சர் பெட்டி. இடது, வலது, முன், பின் என்று 4 வீடியோ உள்ளே, ஒன்று வெளியே. இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், ரிவர்ஸ் மூன்றுக்கும் தனித்தனி டிரிகர் வயர் இருக்கும், ஸ்கிரீனுக்கு ஒரு டிரிகர் வெளியே போகும். வாங்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, இண்டிகேட்டர் அறுந்தாலும் இரண்டு மூன்று விநாடி படத்தைப் பிடித்துவைக்கிற டிலே உள்ளே இருக்கிறதா என்பது. டிலே இல்லாத பெட்டியில் பழைய கதைதான் நடக்கும். இன்னொன்று, அது ஏ.எச்.டி. சிக்னலையும் கடத்துமா என்பது. மலிவான சில பெட்டிகள் சி.வி.பி.எஸ். மட்டும்தான் கடத்தும்.

பெட்டி வாங்காமல் டயோடு வைத்துச் செய்யலாம் என்று யாராவது சொல்வார்கள். 1என்4007 டயோடு ஒவ்வொரு டிரிகரிலும் போட்டால் கரண்ட் திரும்பாது, கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு மாதிரி. ஆனால் மின்னலும் தீராது, வீடியோ மாற்றமும் நடக்காது. பெட்டியே நல்லது.

இண்டிகேட்டர் வயரைக் கலரை நம்பித் தேடாதீர்கள். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, இண்டிகேட்டர் போட்டு, அளவு ஏறி இறங்குகிற வயரைப் பிடியுங்கள். மஞ்சள் குழாய் சுற்றிய வயர், மஞ்சள் கனெக்டர் இருந்தால் கை வைக்கவே கூடாது, அது ஏர்பேக். உங்கள் வண்டியில் முன்பக்கம் 2 ஏர்பேக்தான், முன்கண்ணாடி ஓரத் தூணான பில்லருக்குள் ஒன்றும் இல்லை. 2024 ஸ்விஃப்ட் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அங்கே வயர் இழுக்க வேண்டாம், அதில் 6 ஏர்பேக்.

கண்ணாடி ரப்பர் வழியாகப் போன வயர் சீக்கிரம் நசுங்கும், ஐப்பசி கார்த்திகை மழைக்குத் தண்ணீரும் உள்ளே இறங்கும். கதவுக்கும் பில்லருக்கும் நடுவே இருக்கிற மடிப்பு ரப்பர் குழாய்க்குள் விடுங்கள். கதவு முழுக்கத் திறந்தாலும் இழுபடாத அளவுக்குத் தளர்ச்சி விடவும்.

நாங்குநேரி டோல்கேட்:

நாலு கேமராத் துளையோடு, வண்டியைச் சுற்றிலும் காட்டுகிற 360 ஸ்கிரீன் வருகிறதே, அதை வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி இல்லையே?

வள்ளியூர் வயரிங்:

புதிதாக வாங்குகிறவர் அதை வாங்கலாம். அதிலும் கேமராக்களை மாட்டியபின் தரையில் விரிப்பு போட்டு அளவு சரிபார்க்கிற வேலை இருக்கிறது, அதைப் பொறுமையாகச் செய்கிற ஆள் கிடைக்க வேண்டும். நல்ல ஸ்கிரீன் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு இடது கேமராவுக்காக அதைக் கழற்றுவது வீண்.

பேட்டைக்காரன்:

டிலே உள்ள பெட்டி வந்தது. பவர் ஏ.சி.சி.யிலிருந்து, கதவு மடிப்பு ரப்பர் குழாய் வழியாக வயர், எல்லாம் நீங்கள் சொன்னபடி ஒரு தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்தாயிற்று. மின்னுவது நின்றுவிட்டது. ஆனால் இடது படம் இன்னும் கறுப்புதான். செட்டிங்கில் கேமரா வகையை ஏ.எச்.டி. என்று மாற்றினால் இடது படம் அருமையாக வருகிறது, ரிவர்ஸ் படம் போய்விடுகிறது.

வள்ளியூர் வயரிங்:

எதிர்பார்த்ததுதான். ஸ்கிரீன் ஒரு நேரத்தில் ஒரு வகையைத்தான் படிக்கும், பெட்டி அதை மாற்றித் தராது. கேமராக்கள் எல்லாம் ஒரே வகையாக இருக்க வேண்டும், ஏ.எச்.டி. என்றால் நொடிக்கு 25 ஃபிரேமா 30 ஃபிரேமா என்பதுகூட ஒத்துப்போக வேண்டும். இடது கேமரா வயரில் சின்னதாக வளைந்த லூப் வயர்கள் ஏதாவது தொங்குகின்றனவா? கூடவே வந்த காகிதத்தைப் பாருங்கள்.

பேட்டைக்காரன்:

மூன்று லூப் இருக்கிறது. ஒன்றை வெட்டினால் சி.வி.பி.எஸ்., இன்னொன்றுக்குப் பார்க்கிங் கோடு போகும், மூன்றாவதுக்குப் படம் இடவலம் மாறும் என்று படம் போட்டிருக்கிறது.

வள்ளியூர் வயரிங்:

முதல் இரண்டையும் வெட்டுங்கள். பக்கப் படத்தில் பார்க்கிங் கோடு இருந்தால் தூரத்தைத் தப்பாகக் காட்டும். ஸ்கிரீனே போடுகிற கோடு இருந்தால் செட்டிங்கில் அணைக்க வேண்டும். மூன்றாவதைத் தொடுவதற்கு முன் ஒரு ஆளைப் பின்னால் நிறுத்திப் பாருங்கள். கேமரா பின்னோக்கிப் பார்ப்பதால் படம் கண்ணாடி மாதிரியே இருக்க வேண்டும்: உங்கள் வண்டியின் ஓரம் படத்தின் வலது விளிம்பில், பைக் வருகிற பாதை இடது பக்கம். அப்படி இருந்தால் விட்டுவிடுங்கள். மாறித் தெரிந்தால் மட்டும் வெட்டுங்கள். வெட்டிய முனைகளைத் தனித்தனியாக மூடுங்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, 2019ல் வந்த கியா செல்டாஸிலும் 2020 ஹோண்டா சிட்டியிலும் கம்பெனியே இதே வேலையைத்தான் செய்துகொடுத்தது. சிட்டியில் இடது பக்கம் மட்டும்தான்.

பேட்டைக்காரன்:

இரண்டு படமும் வந்துவிட்டது அண்ணாச்சி! ரொம்ப நன்றி. வண்டி ஓரம் வலது விளிம்பில்தான் தெரிகிறது, மூன்றாவது லூப்பைத் தொடவில்லை. 'ரிவர்ஸ் மியூட்' என்ற செட்டிங்கை அணைத்ததும் பாட்டும் நிற்பதில்லை.

ஒரே குறை, முருகன்குறிச்சி சிக்னலில் இண்டிகேட்டர் போட்டபடி நிற்கும்போது மேப்பே தெரிவதில்லை. எல்லா இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுகிற ஹசார்ட் போட்டாலும் இடது படம் வந்துவிடுகிறது.

வள்ளியூர் வயரிங்:

பெட்டிக்குப் போகிற இடது டிரிகர் வயரில் மட்டும் சின்ன ஆன் ஆஃப் ஸ்விட்ச் ஒன்று போட்டு, கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். மேப் வேண்டும்போது அணைத்துக்கொள்ளலாம், ரிவர்ஸ் படம் பாதிக்காது. ஹசார்டுக்கும் அதே ஸ்விட்ச்தான். காவல்கிணறு பக்கம் மழையில் ஹசார்டைப் போட்டுக்கொண்டே ஓட்டுகிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு, அப்படி ஓட்டினால் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது. வண்டி நின்றால் மட்டும் போடுங்கள்.

அம்பை டிரைவர்:

எல்லாம் முடிந்ததா? சரி, அந்தப் பெட்டி எங்கே கிடைத்தது, என்ன விலை என்று சொல்லும். மருமகன் வண்டிக்கு ஒன்று வேண்டுமாம்.