பகுதி நெஃப்ரெக்டமி: மார்ஜின் எங்கே கெடுகிறது?

அறுவை மேசை

பகுதி நெஃப்ரெக்டமி என்றால் சிறுநீரகத்தில் கட்டி உள்ள பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது; அந்த வெட்டு விளிம்புதான் மார்ஜின். கட்டியைச் சுற்றி 1 செ.மீ. நல்ல திசு வேண்டும் என்பது பழைய விதி. இன்று வெட்டுமுகத்தில் கட்டி செல் இல்லாவிட்டால் போதும். அரை மில்லிமீட்டர் திசு இருந்தாலும் நெகட்டிவ்தான். கட்டி வளரும்போது பக்கத்துத் திசுவை அமுக்கி ஒரு பொய்யுறையை உண்டாக்கிவிடும். அதை ஒட்டியே போகலாம், கிழிக்கக் கூடாது.

கெடுவது பெரும்பாலும் அடிப்பக்கம்தான். கேலிக்ஸும் (சிறுநீர் சேரும் கிண்ணம்) ரத்தக்குழாயும் அருகில் இருப்பதால் கை தானாகவே கட்டிப் பக்கம் சாயும். சி.டி.யில் கட்டிக்கும் சைனஸுக்கும் (சிறுநீரகத்தின் நடுக்குழி) இடைவெளி 4 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு என்றால், இதை முன்னாடியே எதிர்பார்க்க வேண்டும்.

இன்னொன்று, கவனிக்காமல் விட்ட துணைத் தமனி. முதன்மைத் தமனிக்கு புல்டாக் (ரத்தத்தை நிறுத்தும் கிளாம்ப்) போட்ட பிறகும் ரத்தம் ஊறினால் தளம் தெரியாது, குருட்டு வெட்டுதான். தமனிக் கட்ட சி.டி.யில் (கான்ட்ராஸ்ட் சாயம் தமனியில் இருக்கும்போது எடுப்பது) எத்தனை தமனி என்று எண்ணிவிட்டே தொடங்குங்கள். கிளாம்ப் போடுவதற்கு முன்பே அல்ட்ராசவுண்ட் ப்ரோபால் எல்லை பார்த்து, காட்டரியால் (மின்சூட்டுக் கருவி) கேப்சூலில் (சிறுநீரகத்தின் மேலுறை) வட்டம் போடுங்கள். வெட்டுவது மட்டும் கத்தரிக்கோலால். காட்டரியால் வெட்டினால் கரியில் தளம் மறையும், ஸ்லைடும் பாழாகும். கட்டியின் மேலுள்ள கொழுப்பை உரிக்காதீர்கள். உரித்தால், ஒட்டிப்போன கொழுப்பு உறையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

திசு மேசை

திசுவைச் சோதிக்கும் எங்கள் பக்கத்துப் புலம்பல் ஒன்றுதான்: தியேட்டரிலேயே மாதிரியைப் பிளந்து பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள். விளிம்பை அடையாளம் காட்ட நாங்கள் பூசும் மை அந்தப் பிளவுக்குள் இறங்கும். பிறகு உண்மையான மார்ஜின் எது, பிளவு எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆசையாக இருந்தால் வெளியே திருப்பிப் பாருங்கள், வெட்டாதீர்கள்.

அடிப்பக்கத்தில் ஒரு தையல் அடையாளம் போதும். வெட்டுமுகத்துக்கு ஒரு நிறம், கொழுப்புப் பக்கத்துக்கு வேறு நிறம். மை பூசும் முன் ஈரத்தை ஒற்றி எடுத்து, பூசிய பிறகு அசிட்டிக் அமிலம் தொட்டு, காய்ந்த பின்பே வெட்டுமுகத்துக்குச் செங்குத்தாக அரிய வேண்டும். அவசரப்பட்டால் கத்தி மையை உள்ளே இழுத்துப் போகும். மையின் மேலேயே கட்டி செல் இருந்தால்தான் பாசிட்டிவ். நெருக்கமாக இருப்பது பாசிட்டிவ் அல்ல.

அறுவை மேசை

ஃப்ரோசன் செக்‌ஷன் (அறுவையின்போதே திசுவை உறையவைத்துப் பார்ப்பது) வழக்கமாகத் தேவையில்லை என்பதே என் கட்சி. முழு முகத்தில் சிறு பகுதியைத்தான் அது காட்டும். கிளாம்ப் 25 நிமிடம் தாண்டாமல் பார்ப்பதே முக்கியம். கண்ணுக்குக் கட்டி தெரிகிற இடத்தில், கட்டியை எடுத்த படுகையிலிருந்து இன்னொரு சீவல் எடுத்துத் தனி டப்பாவில் அனுப்பலாம். அது எந்த இடத்தது என்று படிவத்தில் எழுதாவிட்டால், முதல் மாதிரியின் "பாசிட்டிவ்" மட்டுமே ரிப்போர்ட்டில் நிற்கும்.

ஸ்கேன் அறை

ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் வந்ததும் மிச்சச் சிறுநீரகத்தையும் எடுத்துவிடலாம் என்று பதறுவார்கள். அப்படி எடுத்தவற்றில் பெரும்பாலானவற்றில் கட்டி இருப்பதில்லை. உயர் கிரேடு (செல்கள் மூர்க்கமாகத் தெரிவது), பி.டி.3ஏ (சுற்றுக் கொழுப்பு, சிரை போன்றவற்றுக்குக் கட்டி பரவிய நிலை) என்றால் கவலை கூடுதல். மற்றவர்களுக்கு நெருக்கமான கண்காணிப்பு.

ஆரம்ப வாரங்களில் எடுக்கும் சி.டி.யை நம்பாதீர்கள். ரத்தம் நிறுத்த வைத்த சர்ஜிசெல் காற்றுக் குமிழோடு சீழ்க்கட்டி போலவே தெரியும். எந்தப் பொருள் வைத்தார்கள் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். 3 முதல் 6 மாதத்தில் கான்ட்ராஸ்டோடு பாருங்கள்: சர்ஜிசெல் சுருங்கியிருக்கும், கான்ட்ராஸ்ட்டும் ஏறாது.