ஒன்ராறியோக் கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலையில் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்களுக்கு: 40 மணித்தியாலத் தொண்டுப் பணி

ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்து, பிள்ளைகளைக் கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலையில் சேர்த்திருக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளைக் கேட்கின்றன. பாடசாலை சொல்லும் 40 மணித்தியாலத் தொண்டுப் பணி என்பது என்ன, கத்தோலிக்கர் அல்லாத எங்கள் பிள்ளையும் அதைச் செய்யத்தான் வேண்டுமா, தெரிந்தவர் ஒருவரிடம் கையொப்பம் வாங்கிக் கொடுத்துவிட்டால் போதாதா. மூன்றாவது கேள்வி என்னை மிகவும் வருத்துவதால் அதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். முதல் இரண்டுக்கும் பதில் நேரானது.

ஒன்ராறியோவில் உயர்நிலைப் பாடசாலை டிப்ளோமா பெறுவதற்கு, முடித்த பாடங்களுக்காகக் கிடைக்கும் கிரெடிட்டுகள் 30உம் எழுத்தறிவுத் தகுதியும் வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். அவற்றோடு 40 மணித்தியாலம் ஊதியமின்றிச் சமூகப் பணி செய்திருக்க வேண்டும் என்பதும் மாகாணக் கல்வி அமைச்சு வைத்திருக்கும் நிபந்தனை. 1999இல் 9ஆம் தரத்தில் நுழைந்த மாணவர்களிலிருந்து இது நடைமுறையில் உள்ளது. பொதுப் பாடசாலைக்கும் அரச நிதியில் நடக்கும் கத்தோலிக்கப் பாடசாலைக்கும் இது ஒன்றே; ஆகவே பாடசாலையை மாற்றினால் இதிலிருந்து விலகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாடங்கள் அனைத்திலும் உயர்ந்த புள்ளிகள் எடுத்திருந்தாலும், இந்த மணித்தியாலங்கள் நிறைவு பெறாவிட்டால் டிப்ளோமா கிடைக்காது. உறவினர் வீட்டுப் பிள்ளை 20 மணித்தியாலத்தோடு படிப்பை முடித்தாரே என்று கேட்பவர்கள் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் படிப்பை முடித்தவர்களுக்கு அமைச்சு வழங்கிய தற்காலிகச் சலுகை அது. இப்போது படிப்பவர்களுக்குப் பொருந்தாது.

கத்தோலிக்கர் அல்லாத மாணவரும் கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலையில் சேரலாம் என்பதும், பெற்றோர் எழுத்தில் விண்ணப்பித்தால் அத்தகைய மாணவருக்குச் சமயக் கல்விப் பாடத்திலிருந்து விலக்குப் பெற முடியும் என்பதும் மாகாணக் கல்விச் சட்டத்தில் உள்ளவை. ஆனால் அந்த விலக்குக்கும் இந்த 40 மணித்தியாலத்துக்கும் தொடர்பு இல்லை. சமயப் பாடத்திலிருந்து விலகிய பிள்ளையும் பணியைச் செய்தே ஆக வேண்டும்.

கத்தோலிக்கப் பாடசாலையில் வேறுபடுவது பணியைப் பார்க்கும் பார்வை. பல பாடசாலைகள் இதைக் கிறிஸ்தவ சேவை மணித்தியாலம் என்றே அழைக்கின்றன. பசித்தவருக்கு உணவு, தாகமுற்றவருக்கு நீர், ஆடையற்றவருக்கு ஆடை, வீடற்றவருக்கு இடம், நோயாளியையும் சிறைப்பட்டவரையும் சென்று காண்பது, இறந்தவரை அடக்கம் செய்வது என்று கத்தோலிக்க மரபு எண்ணும் ஏழு இரக்கச் செயல்களே இதன் வேர். இவற்றில் முதல் ஆறும் மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்திலிருந்து வருபவை. ஒன்ராறியோவின் கத்தோலிக்கப் பாடசாலைகள் தம்மிடம் படித்து வெளியேறும் மாணவர் எத்தகையவராக இருக்க வேண்டும் என்பதற்கு ஏழு எதிர்பார்ப்புகளை வகுத்து வைத்திருக்கின்றன. ஒத்துழைப்போடு பங்களிப்பவர், பொறுப்புள்ள குடிமகன் என்பன அவற்றில் அடங்கும். எனவே பணி முடிந்ததும் மணித்தியாலக் கணக்கோடு சேர்த்து, அந்தப் பணியில் என்ன கண்டாய், என்ன உணர்ந்தாய் என்று ஒரு பக்கமோ அரைப் பக்கமோ எழுதித் தரும்படி சில பாடசாலைகள் கேட்கும். திருச்சபையின் போதனைக்கு முரணான பணிகளையும் இப்பாடசாலைகள் ஏற்பதில்லை.

இந்த எழுத்து வேலை பல பெற்றோரைத் தயங்க வைக்கிறது. சைவ வீட்டுப் பிள்ளை பைபிள் வசனத்தை எழுத வேண்டுமோ, இல்லாத நம்பிக்கையை இருப்பதாகக் காட்ட வேண்டுமோ என்ற கவலை நியாயமானதே. என் கருத்தில், பிள்ளை தன் நம்பிக்கையிலிருந்தே நேர்மையாக எழுதுவதுதான் நல்லது. அன்னதானத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, பசித்தவருக்கு உணவு கொடுப்பது ஏன் அறமாகிறது என்று எழுதுவதற்கு வேறு நூலைத் தேடிப் போகத் தேவையில்லை. உணவு வங்கியில் வரிசையில் நின்ற முதியவர் தன்னிடம் என்ன கேட்டார், அந்தக் கேள்வி தன்னை ஏன் சங்கடப்படுத்தியது என்று தன் சொற்களில் எழுதும் நான்கு வரிகள், எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ஒரு பக்கத்தைவிட ஆசிரியரிடம் அதிக மதிப்புப் பெறும். தயக்கம் தீராவிட்டால் சமய ஆசிரியரிடமோ, பாடசாலைகளில் இருக்கும் சப்லெயின் எனப்படும் ஆன்மிகப் பொறுப்பாளரிடமோ பிள்ளையோடு சென்று பேசுங்கள்.

எவை கணக்கில் சேராது என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் இடறுகிறார்கள். வழக்கமாக ஒருவருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலை சேராது. ஆகவே மாமாவின் பலசரக்குக் கடையில் பெட்டி அடுக்குவதையும், சித்தப்பாவின் உணவகத்தில் மேசை துடைப்பதையும், சம்பளம் வாங்காமல் செய்தாலும் தொண்டாகக் காட்ட முடியாது. வீட்டில் தம்பி தங்கையைப் பார்ப்பது, பாட்டிக்குத் துணையிருப்பது, சமையலில் உதவுவது ஆகியவை வீட்டுக் கடமைகள் என்பதால் அவையும் சேராது. நம் குடும்பங்களில் மூத்த பிள்ளை சுமக்கும் பாரம் பெரியது என்பதை நான் அறிவேன். இருந்தும் விதி அப்படித்தான் உள்ளது. பாட நேரத்தில் செய்வதும், ஒரு பாடத்தின் கட்டாயப் பகுதியாகச் செய்வதும் சேரா. மதிய இடைவேளையில் செய்வது சேரும். வாகனம் ஓட்டுதல், மின்கருவிகளை இயக்குதல், பிறருக்கு மருந்து கொடுத்தல், வங்கி அலுவல் பார்த்தல், நகை போன்ற பெறுமதியான பொருட்களைக் கையாளுதல் ஆகியவற்றுக்கு இடமே இல்லை. முதியோர் இல்லத்துக்குச் செல்லும் பிள்ளையிடம் அங்குள்ள ஒரு தமிழ்ப் பாட்டி தன் மாத்திரையை எடுத்துத் தரும்படி கேட்டால், பணியாளரை அழைத்து வர வேண்டுமே தவிர, தானாக எடுத்துக் கொடுக்கக் கூடாது. இதை முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். தொழிற்சாலை போன்ற இடங்களுக்குக் குறைந்தபட்ச வயது வரம்புகளும் உள்ளன.

கோயிலில் செய்யும் பணி சேருமா என்ற கேள்விக்கு பாடசாலைகளை நிர்வகிக்கும் பாடசாலைச் சபைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே பதில் இல்லை. ரொறன்ரோ, யோர்க், டர்ஹம், டஃபரின் பீல் என்று கத்தோலிக்க மாவட்டப் பாடசாலைச் சபை ஒவ்வொன்றும் அமைச்சின் விதியின் கீழ், எந்தப் பணிகளை ஏற்கும் என்று சொல்லும் தன் ஏற்புப் பட்டியலை வைத்திருக்கிறது. அன்னதானத்துக்குப் பரிமாறுவது, சிறுவருக்குத் தமிழ் கற்பிக்கும் வார இறுதி வகுப்பில் உதவுவது போன்ற பிறருக்குப் பயன்படும் பணியை, பதிவு பெற்ற இலாப நோக்கற்ற அமைப்பின் பொறுப்பாளர் ஒருவரின் மேற்பார்வையில் செய்தால், ஏற்கப்படும் வாய்ப்பு நிறைய உண்டு. வழிபாட்டில் கலந்துகொள்வதும் தன் நடன அரங்கேற்றத்துக்கு ஒத்திகை பார்ப்பதும் தொண்டாகா. பட்டியலில் வெளிப்படையாக இல்லாத எந்தப் பணிக்கும் தொடங்குவதற்கு முன்பே அதிபரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பதே விதி. முடித்த பின் கேட்டால் உழைப்பு வீணாகலாம்.

இனி கையொப்பம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். செய்யாத பணிக்குத் தெரிந்தவர் ஒருவர் கையொப்பமிட்டுக் கொடுப்பது நம் சமூகத்தில் உதவியாகவே பார்க்கப்படுகிறது. கொடுப்பவரும் நல்லெண்ணத்தோடுதான் கொடுக்கிறார். ஆனால் பாடசாலை அந்த அமைப்பைத் தொலைபேசியில் அழைத்துச் சரிபார்க்கலாம். பொய் என்று தெரிந்தால் மணித்தியாலங்கள் நீக்கப்படும், பிள்ளையின் பெயரும் கெடும். அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. புதிதாக வந்த பிள்ளைக்கு இந்த நாட்டில் தன்னை அறிந்த பெரியவர்கள் எவரும் இல்லை. பல்கலைக்கழக உதவித்தொகை விண்ணப்பமும், முதல் பகுதிநேர வேலைக்கான விண்ணப்பமும், உறவினர் அல்லாத ஒருவர் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்கும். நூலகத்தில் ஒரு கோடைகாலம் முழுவதும் சிறுவருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த பிள்ளைக்கு அத்தகைய சாட்சி தானாகக் கிடைக்கும். 40 மணித்தியாலத்தையும் பொய்யாக நிரப்பிய பிள்ளைக்கு அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். வகுப்பறையில் உச்சரிப்புக்குக் கூசி வாய் திறக்காத பிள்ளைகள், உணவு வங்கியில் அரிசிப் பையைத் தூக்கிக் கொடுக்கும்போது இயல்பாகப் பேசத் தொடங்குவதை நான் கண்டிருக்கிறேன். அங்கே ஆங்கிலத்துக்குப் புள்ளி போடுபவர் யாரும் இல்லை. பிள்ளைக்கு இந்த நாட்டில் கிடைக்கும் அந்த முதல் இடத்தை, சிரமம் குறையட்டும் என்ற அன்பினாலேயே பெற்றோர் அடைத்துவிடுகிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

எங்கே தேடுவது என்று கேட்பவர்களுக்கு: பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசகரிடம் தொடங்குங்கள், தொண்டர் தேவை பற்றிய அறிவித்தல்கள் முதலில் அவரிடமே வரும். ரொறன்ரோ பொது நூலகத்தில், வாசிப்பில் பின்தங்கிய சிறுவருக்குப் பதின்ம வயதினர் துணைநிற்கும் லீடிங் டு ரீடிங் என்ற திட்டமும், கிளை நூலகங்களில் இளையோர் ஆலோசனைக் குழுக்களும் உள்ளன. பங்குகள் எனப்படும் கத்தோலிக்கத் தேவாலயச் சமூகங்கள் பலவற்றில் வின்சென்ட் தே போல் சபை என்ற தொண்டு அமைப்பு ஏழைக் குடும்பங்களுக்கு உதவுகிறது. ஜனவரியில் தமிழ் மரபுத் திங்கள் நிகழ்ச்சிகளுக்கும், கோடையில் ஸ்காபரோவின் மார்க்கம் வீதியில் நடக்கும் தமிழர் தெருவிழாவுக்கும் தொண்டர்கள் தேவைப்படுவார்கள். தமிழ் முதியவர்கள் வாழும் இல்லங்களில், அவர்களோடு தமிழில் உட்கார்ந்து பேசக்கூடிய ஒரு பிள்ளையைப் பணியாளர்கள் மகிழ்ச்சியோடு வரவேற்பார்கள். தனித்து வாழும் முதிய அயலவரின் நடைபாதையில் பனி அள்ளுவதையும் பல சபைகள் ஏற்கின்றன. அதற்கும் முன்கூட்டியே ஒப்புதல் பெறுங்கள். நாற்பதையும் ஒரே இடத்தில் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆயினும் குறைந்தது ஓரிடத்திலாவது பிள்ளை நீண்ட காலம் நிலைத்திருப்பது நல்லது என்பேன்.

எதைச் செய்வது என்பதைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும். மருத்துவம் படிக்க வைக்க எண்ணி, மருத்துவமனை மட்டுமே வேண்டும் என்று பெற்றோர் பிடிவாதம் பிடிப்பதைக் காண்கிறேன். பல மருத்துவமனைகளில் வயது வரம்பும் நீண்ட காத்திருப்பும் இருக்கும். அதற்குள் ஓராண்டு கழிந்துவிடும். பெற்றோர் பார்க்க வேண்டியவை வேறு: மேற்பார்வையாளர் யார், குளிர்கால மாலையில் இருட்டியபின் பிள்ளை எந்தப் பேருந்தில் திரும்பும், பிள்ளை ஒருவரோடு தனித்து விடப்படும் சூழல் உண்டா. முதல் நாள் உடன் சென்று அந்த மேற்பார்வையாளரைச் சந்தித்து அறிமுகம் செய்துகொள்வதை எவரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

படிவ வேலை எளியது, ஆனால் கவனம் வேண்டும். திட்டமிட்ட பணியைத் தெரிவிக்கவும், முடித்த பணியை உறுதிப்படுத்தவும் படிவம் உண்டு. சில சபைகள் இவற்றை இணையவழியிலேயே வாங்குகின்றன. பிள்ளை 18 வயதுக்கு உட்பட்டவராயின் பெற்றோரின் கையொப்பமும் தேவை. பணியை உறுதிப்படுத்துபவராகப் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ கையொப்பமிட முடியாது. ஒவ்வொரு பணியும் முடிந்த உடனேயே கையொப்பத்தை வாங்கிவிட வேண்டும். ஓராண்டு கழித்துப் போனால் அந்த மேற்பார்வையாளர் வேலை மாறியிருப்பார், பிள்ளையை அறிந்தவர் எவரும் அங்கே இருக்க மாட்டார்கள். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

11ஆம், 12ஆம் தரத்தில் வந்து சேரும் பிள்ளைகளின் நிலை சற்றுக் கடினமானது. அவர்களுக்கு ஆங்கில வகுப்பும் பல்கலைக்கழக விண்ணப்பமும் ஒன்றாக வந்து நிற்கும்போது இதுவும் சேர்ந்துகொள்கிறது. வேறு நாட்டிலிருந்து வந்த மாணவர் இன்னும் எவ்வளவு செய்ய வேண்டும் என்பதை அதிபரிடம் பதிவு நாளிலேயே எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள். குறையக்கூடும் என்று நம்பிக் காத்திருக்காமல், நாற்பதும் தேவை என்றே எண்ணி வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் என்று தொடங்கினால் ஐந்து மாதங்களில் முடிந்துவிடும்.

9ஆம் தரத்துக்குச் செல்லவிருக்கும் பிள்ளைகளுக்கு அதற்கு முந்திய கோடை விடுமுறையிலிருந்தே மணித்தியாலங்கள் கணக்கில் சேரும். செப்டெம்பரில் சேரவிருப்பவர்கள் மே மாதத்திலேயே அந்தப் பாடசாலையின் வழிகாட்டல் அலுவலகத்தை அழைத்து, படிவத்தையும் சபையின் ஏற்புப் பட்டியலையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஜூன் மாத இறுதியோடு அலுவலகங்கள் மூடப்பட்டால் ஓகஸ்ட் இறுதி வரை பதில் சொல்ல ஆள் கிடைக்காமல் போகலாம். ரொறன்ரோ தவிர்ந்த சபைகளின் ஏற்புப் பட்டியல் பற்றி அனுபவமுள்ளவர்கள் கீழே எழுதினால், டர்ஹம், யோர்க் பகுதிகளில் குடியேறியிருப்பவர்களுக்குப் பெரிதும் உதவும்.