திருகோணமலையில் திரைக்கதை எழுத்து முகாம்: இடமும் வாசிக்க ஆட்களும் தேவை

வணக்கம் உறவுகளே. முதல் திரைக்கதையை எழுதிக்கொண்டிருக்கும் ஆறு பேருக்கு ஜூன் மாதத்தில் ஐந்து நாள் முகாம் நடத்தப் பார்க்கிறோம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அமைதியான வீடு தெரிந்தால் சொல்லுங்கள்.

முக்கியமாகத் தேவைப்படுவது ஒரு வெறுஞ்சுவர். முழுநீளப் படத்துக்கு காட்சிக்கு ஒன்றாக 40 முதல் 60 வரை காட்சி அட்டைகள் வரும். வரிசையாக ஒட்டிப் பார்த்தால்தான் நடுப்பகுதி எங்கே தொய்கிறது என்று தெரியும். கச்சான் காற்றுக் காலம் என்பதால் திறந்த விறாந்தை சரிவராது, அட்டைகள் பறந்துவிடும்.

தனியே எழுதுபவர்கள் பெரும்பாலும் முதல் 30 பக்கங்களையே திருப்பித் திருப்பித் திருத்துவார்கள், முடிவுவரை போகமாட்டார்கள். முகாமின் பெரிய பயனே அதிலிருந்து வெளியே வருவதுதான். காலையில் எழுத்து, மாலையில் வாய்விட்டு வாசிப்பு. எழுதியவர் வாசிக்கக் கூடாது. தாளில் இல்லாத உணர்ச்சியைக் குரலால் நிரப்பிவிடுவார். 'அவனுக்குத் தாயின் நினைவு வந்தது' போன்ற, கமராவில் தெரியாத வரிகள் பிறர் வாசிக்கும்போதுதான் பிடிபடும்.

ஆகவே மூதூர், கிண்ணியா, நகரப் பக்கப் பேச்சுவழக்கு தெரிந்த, நாடகம் நடித்துப் பழகிய நாலைந்து பேர் மாலையில் இரண்டு மணித்தியாலம் வந்து வாசித்துத் தருவார்களா? பயணச் செலவு தருவோம். பிரின்டர் ஒன்றும் இரவலாக வேண்டும். திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கிலக் கூரியர் (Courier) 12 எழுத்துருவுக்கு உரியது. தமிழில் பொருந்தாது என்பதால் வாசிப்பை மணிக்கூடு வைத்தே அளப்போம்.

வாடகை, அறைகளின் எண்ணிக்கை தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.