உயிர்த்தூண்டியா, பயிர்த்தூண்டியா: கடற்பாசிச் சாற்றுக்கு ஒரு பெயர்

அன்புள்ள குழுவினருக்கு,

கடற்பாசிச் சாறு போன்ற, ஆங்கிலத்தில் biostimulant எனப்படும் பொருட்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை ‘உயிரூக்கி’, ‘உயிர்த்தூண்டி’, ‘வளர்ச்சி ஊக்கி’, ‘பயிர் டொனிக்’ என்று நாலு சொற்கள் வந்திருக்கின்றன. ஐந்தாவதாக ஒன்றை நான் வைக்கிறேன்: பயிர்த்தூண்டி. காரணம் சொல்வதற்கு முன் போன காலபோகத்தில், அதாவது மாரி நெற்செய்கைக் காலத்தில், பரந்தன் பக்கம் ஒரு வயலில் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பது அந்த வயலால்தான்.

நெல் விதைத்து ஐந்து கிழமை இருக்கும். வரம்புக்கு அந்தப் பக்கம் கரும்பச்சையாக நின்றது. இந்தப் பக்கம் வெளிறிப்போய், அடியிலைகள் நுனியிலிருந்து மஞ்சளித்து வந்தன. வயற்காரர் அறுபது தாண்டியவர். கொட்டிலுக்குள் போய் ஒரு போத்தலை எடுத்துவந்து என் கையில் தந்தார். “இதில பசளை எண்டுதானே தம்பி போட்டிருக்கு? ரெண்டு தரம் அடிச்சனான். பிறகேன் யூரியா எண்டு விட்டிட்டன்” என்றார். போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். ‘கடற்பாசித் திரவப் பசளை’ என்று நல்ல தமிழில்தான் அச்சடித்திருந்தது. அவர் அதைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். பிழை அந்தச் சொல்லில் இருந்தது.

50 கிலோ யூரியா மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. ஒரு லீற்றர் போத்தலுக்குள் எதை நிரப்பினாலும் அந்தக் கணக்கு வராது. கடற்பாசிச் சாற்றில் நைதரசனும் பொசுபரசும் மிகச் சொற்பம். அந்த மனிதர் பயிர் வளரும்போது இடும் மேற்கட்டுப் பசளையைத் தவறவிட்டதற்கு அவருடைய அறியாமை காரணமில்லை. பசளை என்று பெயர் வைத்தால் பசளையாகத்தான் பாவிப்பார்கள். 2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் அந்தத் தடையை எடுத்தார்களே, அந்த இடைவெளியில் எங்கள் பக்கத்தில் போத்தலில் வந்ததெல்லாம் ‘திரவப் பசளை’ ஆகிவிட்டது. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

சரி, பசளை இல்லையென்றால் இது என்ன?

கடற்பாசிக்குள் அது கடலில் சமாளிப்பதற்கென்று சேர்த்துவைத்த பொருட்கள் இருக்கின்றன. கபிலப் பாசிகளில் அல்ஜினேற்று, லமினாரின், மனிற்றோல்; செம்பாசிகளில் கராஜீனன் என்ற கூழ்ப்பொருள். இரண்டிலும் பீற்றெயின்களும், சைற்றோகைனின், ஒட்சின் போன்ற வளர்ச்சிப் பதார்த்தங்களும் சிறிய அளவில் உண்டு. இவை இலையிலோ வேரிலோ பட்டதும் பயிர் அதை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்கிறது. வேர் கூடுதலாக விடுகிறது, வரட்சிக்கும் உப்புக்கும் முன்கூட்டியே ஆயத்தமாகிறது, மண்ணில் கிடக்கிற சத்தைக் கொஞ்சம் திறமாக எடுக்கிறது. வேலை முழுவதையும் செய்வது பயிர்தான். சாறு அதைத் தொடக்கி வைக்கிறது. அதனால்தான் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 2, 3 மில்லிலீற்றர் என்ற அளவிலேயே பல செறிசாறுகள் போதுமானவையாக இருக்கின்றன. அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்றில்லை. மிஞ்சினால் வளர்ச்சி பின்வாங்கவும் கூடும். பசளை என்று நினைக்கிறவர் ‘இன்னும் ஒரு மூடி விடுவம்’ என்றுதான் நினைப்பார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு 1009ஆம் இலக்க ஒழுங்குவிதி இந்த வகைப் பொருளுக்கு ஒரு வரைவிலக்கணம் தருகிறது. ஒரு பொருள் தன்னிடம் எவ்வளவு சத்து இருக்கிறது என்பதைப் பொறுத்தல்லாமல், தாவரம் சத்தை எடுத்துப் பயன்படுத்தும் செயல்களைத் தூண்ட வேண்டும். சத்துப் பயன்பாட்டுத்திறன், உயிரற்ற காரணிகளால் வரும் நெருக்கடியைத் தாங்கல், விளைபொருளின் தரம் போன்றவற்றில் ஒன்றையேனும் மேம்படுத்த வேண்டும். இந்தியாவும் 2021இல் தனது உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் இந்த வகையைக் கொண்டுவந்தது. ஆகவே இது இனிச் சந்தைப் பேச்சு மட்டுமல்ல, சட்டத்திலும் உள்ள ஒரு வகை. தமிழிலும் அதற்குத் தனிப்பெயர் வேண்டும்.

‘உயிர்த்தூண்டி’ என்று மொழிந்த வவுனியா நண்பரோடு எனக்குப் பாதி உடன்பாடு. பின்பாதிக்கு நானும் கைதூக்குகிறேன். முன்பாதியில்தான் சிக்கல். ‘உயிர்ப்பசளை’ என்ற சொல் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவரை இனப் பயிர்களின் விதையோடு கலக்கும் றைசோபியம் போல, உள்ளே உயிருள்ள நுண்ணங்கி இருக்கும் பொருள் அது. அதைப் பழகியவர் ‘உயிர்த்தூண்டி’ என்று கேட்டதும் இதற்குள்ளும் உயிர் இருக்கிறது என்றே எடுப்பார். காரம் சேர்த்துக் காய்ச்சிய சாற்றில் உயிருள்ளது எதுவும் மிஞ்சாது.

இன்னொரு இடத்திலும் அந்தச் சொல் இடறும். அதே ஐரோப்பிய விதி இந்தப் பொருட்களை நுண்ணுயிர் உள்ளவை, இல்லாதவை என்று இரண்டாகப் பிரிக்கிறது. ‘நுண்ணுயிரற்ற உயிர்த்தூண்டி’ என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள், சொல்லுக்குள் சொல் சண்டை பிடிக்கும். ‘நுண்ணுயிர்ப் பயிர்த்தூண்டி’, ‘கடற்பாசிப் பயிர்த்தூண்டி’, ‘இயுமிக்கமில (humic acid) பயிர்த்தூண்டி’ என்றால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்.

ஆங்கில மூலச்சொல்லில் ‘bio’, அதாவது உயிர் என்ற பொருள் இருக்கிறதே, அதை எப்படி விடுவது என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் பகுதி வந்த கதையைப் பார்த்தால் விடுவதில் நட்டமில்லை. 1930களில் ஒடெசாவில் இருந்த கண் சத்திரசிகிச்சை நிபுணர் விளாதிமிர் பிலாத்தொவ், உடலிலிருந்து பிரித்தெடுத்துக் குளிரில் வைத்த இழையங்களில் ஊக்கம் தரும் பொருட்கள் உண்டாகின்றன என்று கருதி, அவற்றை உயிர்வழித் தூண்டிகள் என்ற பொருளில் பெயரிட்டார். கண் வைத்தியத்தில் கிளம்பிய அந்தக் கருத்து பின்னர் பயிருக்கும் வந்தது. பிலாத்தொவின் கருதுகோளை இன்றைய வரைவிலக்கணம் கேட்கவில்லை. அது கேட்பதெல்லாம் பயிரில் என்ன நடக்கிறது என்பதைத்தான். நாங்களும் அதையே பெயராக வைக்கலாம்.

‘ஊக்கி’யை நான் முற்றாக மறுக்கிறேன். இலங்கைப் பாடநூல்களில் இரசாயனம் படித்த எந்தப் பிள்ளைக்கும் ஊக்கி என்றால் தாக்கத்தின் வேகத்தைக் கூட்டிவிட்டுத் தான் மாறாமல் நிற்கும் பொருள். ‘வளர்ச்சி ஊக்கி’ என்பதோ தமிழ்நாட்டில் ஓமோன் வகைத் தெளிப்புகளுக்கு ஏற்கெனவே வழங்குகிறது. தாவர வளர்ச்சிப் பதார்த்தமும் இதுவும் ஒரே பெயருக்குள் போய்விட்டால் பிறகு பிரிப்பது கடினம்.

‘டொனிக்’ கடைக்காரர் வாயில் இருக்கிற சொல். அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் வன்னியில் தோளில் தெளிகருவியைப் போட்டால் அடிக்கிறது எல்லாமே ‘மருந்து’தான், பூச்சிக்கும் மருந்து, களைக்கும் மருந்து. டொனிக் என்ற பெயர் இதையும் மருந்துக் கூட்டத்துக்குள் தள்ளிவிடும். நோய் வந்த பிறகு அடிப்பதற்கு வைத்திருப்பார்கள். இதுவோ பயிர் நன்றாக நிற்கும்போதே, வாட்டம் வருவதற்கு முன்னரே அடிக்க வேண்டியது.

இனித் ‘தூண்டி’. எங்கள் உயிரியல் பாடத்தில் தூண்டல், தூண்டற்பேறு என்ற சோடி இருக்கிறது. வெளியிலிருந்து வருவது தூண்டல், உயிரி காட்டும் பதில் தூண்டற்பேறு. இந்தச் சாறு செய்வதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் வெளியில் தேட வேண்டியதில்லை. ஆனால் நான் தூண்டியை விரும்புவதற்குப் பாடப்புத்தகம் முதற்காரணமில்லை. எங்கள் அம்மம்மா விளக்குத் திரியைத் தூண்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். திரி கருகிச் சுடர் குறையும்போது ஒரு ஈர்க்கால் திரியைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிவிடுவா. சுடர் நிமிரும். ஈர்க்கில் எண்ணெய் இல்லை, நெருப்பும் இல்லை. எண்ணெய் விளக்குக்குள் இருக்க வேண்டும். எண்ணெய் வற்றிய விளக்கில் எவ்வளவு தூண்டினாலும் திரிதான் எரிந்து முடியும். பரந்தன் வயலில் நடந்தது அச்சொட்டாக இதுதான். இதை அந்த வயற்காரரிடம் சொன்னபோது அவர் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “அப்ப எண்ணெயும் விடவேணும்” என்றார். ஒரு கலைச்சொல் தன்னைத் தானே விளக்கிக்கொள்வதை அன்றைக்குத்தான் நேரில் கண்டேன்.

‘தூண்டிவிடுதல்’ என்றால் சண்டை மூட்டுவது என்ற பொருளும் இருக்கிறதே என்று ஆட்சேபம் வந்தது. இருக்கிறதுதான். ‘பயிர்’ முன்னால் நிற்கும்போது யாருக்கும் அந்த நினைவு வராது. ‘தூண்டில்’ என்று மாறி வாசிப்பார்கள் என்பதையும் நான் பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்தது ‘சாறு’. இழையில் இதை யாரும் தொடவில்லை, எனக்கோ இது முக்கியமாகப் படுகிறது. பூநகரிப் பிரதேசத்தில் வலைப்பாட்டுக் கடலில் கயிறுகட்டி வளர்க்கும் கப்பாபைக்கஸை நீங்கள் கையில் எடுத்திருந்தால் தெரியும். பிலிப்பைன்சிலிருந்து உலகெங்கும் பரவிய செம்பாசி வகை, ஆனால் கையில் இருப்பது பெரும்பாலும் பச்சையும் கபிலமுமாக இருக்கும். கிளைகிளையாக, விரற்கடைத் தடிப்பில், இஞ்சியை நீட்டிவிட்டாற்போல. முறித்தால் சடக்கென்று முறிந்து உள்ளங்கை நனையும். நட்டு ஏறக்குறைய 45 நாளில் அறுத்துக் காயவைக்கிறார்கள். பத்துக் கிலோ பச்சை காய்ந்தால் ஒரு கிலோ அளவில்தான் மிஞ்சும். மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். காய்ந்தது கராஜீனன் எடுக்கப் போகிறது. காற்றோடு போய்விடும் அந்த நீருக்குள்தான் நாம் பேசும் சாறும் இருக்கிறது. காயவிடாமல் பச்சையாகவே அரைத்து, வடித்து, சாற்றைப் பயிருக்கும் சக்கையைக் கராஜீனனுக்கும் எடுக்கும் முறையைக் குஜராத் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. கயிற்றில் முடிச்சுப் போடும் பெண்களுக்கு இதே அறுவடையிலிருந்து இரண்டாவது வருமானம் ஒன்று வரக்கூடும் என்ற எண்ணம் எனக்கு நீண்டநாளாக உண்டு.

வட அத்திலாந்திக் கரையில் கிடைக்கும் அஸ்கோபில்லம் என்ற கபிலப் பாசியைப் பெரும்பாலும் பிழிவதில்லை. பொட்டாசியம் ஐதரொட்சைட்டுப் போன்ற காரத்தோடு சூடாக்கிக் கரைத்து எடுக்கிறார்கள். போத்தலில் காணும் பொட்டாசியத்தில் ஒரு பங்கு அந்தக் காரத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். இரண்டையும் ‘சாறு’ என்றே எழுதினால் வேறுபாடு தொலைந்துவிடும். சித்த மருத்துவம் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பிரித்து வைத்திருக்கிறது: இடித்துப் பிழிந்தால் சாறு, அதைச் சுடவைத்தால் சுரசம், சரக்கை நீரிலிட்டுக் காய்ச்சி வடித்தால் குடிநீர். அந்த வழியில் பச்சையாகப் பிழிந்ததற்குப் ‘பிழிசாறு’, காரத்தில் எடுத்ததற்குக் ‘காரவடிசாறு’ என்று வைப்போம். பொதுப்பெயராகக் ‘கடற்பாசிச் சாறு’ இருக்கட்டும். பிழிசாற்றில் கடலுப்பும் சேர்ந்தே வரும். ஏற்கெனவே உவர் ஏறிய பூநகரி மண்ணில் எந்தச் சாறு என்று கேட்டு வாங்குவதற்கு ஒரு சொல் கையில் இருப்பது நல்லது.

‘பாசி’யை மாற்றி ‘அல்கா’ என்று எழுதச் சொன்னவருக்கு ஒரு வார்த்தை. வயலில் பாசி என்றால் எங்கள் ஆட்களுக்குத் தண்ணீரில் மிதந்து நாற்றை மூடுகிற பச்சைச் சனியன்தான், அந்தக் கவலை நியாயமானது. என்றாலும் ‘கடல்’ முன்னால் இருப்பதால் குழப்பம் வராது. கரையோர ஊர்களில் ஒதுங்கும் சாதாளையை அள்ளித் தோட்டத்துக்குத் தாட்ட பழக்கம் எங்கள் பெரியவர்களிடம் இருந்தது. அது வேறு: கடற்புல்லும் பாசியும் கலந்த குப்பை, உக்கி மண்ணுக்குப் பசளையாகும். அதற்கு ‘பசளை’ என்ற சொல் முற்றிலும் பொருந்தும். சாறு பற்றிப் பேசும்போது சாதாளையை உதாரணம் காட்டாமல் விடுவது உத்தமம். இரண்டும் ஒன்றென்று ஆகிவிடும்.

வருகிற காலபோகத்துக்கு நான் மொழிபெயர்க்கும் துண்டுப்பிரசுரத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘கடற்பாசிப் பயிர்த்தூண்டி. இது பசளை அல்ல. அடிக்கட்டு, மேற்கட்டுப் பசளைகளை வழமைபோல் இடவும். காலையிலோ மாலையிலோ இலை நனையத் தெளிக்கவும். குறித்த அளவை மிஞ்ச வேண்டாம்.’ இரண்டாவது வசனத்தைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.

பயிர்த்தூண்டிக்கு மறுப்பு இருந்தால் இந்தக் கிழமைக்குள் எழுதுங்கள், அடுத்த திங்கள் அச்சுக்குப் போகிறது. அதோடு இன்னொன்று. வரட்சி, உவர், வெக்கை இவற்றால் பயிருக்கு வரும் நெருக்கடிக்கு பௌதிகத்திலிருந்து ‘தகைப்பு’ என்ற சொல்லை எடுத்துப் போடுகிறார்கள். வயலில் நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘வாட்டம்’ போதுமா, அல்லது உவருக்கு அது பொருந்தாதா? மன்னார், முல்லைத்தீவுப் பக்கம் உப்பேறிய வயலில் நிற்கும் நெல்லைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து