டென்சனர் புல்லியில் பெயாரிங் மட்டும் மாற்றலாமா?

கொட்டகலை_சன்னி:
அண்ணன்மாரே, ஒரு உதவி. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் பொனட்டுக்குள் இருந்து கோப்பிக்கொட்டை அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். பத்து நிமிசத்தில் கொஞ்சம் அடங்கும். ஆனால் கினிகத்தேனையில் இருந்து வட்டவளைப் பக்கம் இரண்டாவது கியரில் ஏறும்போது அதுவே விசிலாகி, பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வண்டி பழைய சன்னி கார், இருபது வருசம் தாண்டிவிட்டது. பெல்ட் என்று நினைத்துப் போன மாதம் பெல்ட்டை மாற்றினேன், சத்தம் அப்படியே இருக்கிறது. கராஜ் பாஸ் டைனமோவை, அதுதான் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறதை, கழற்ற வேணும் என்கிறார். எனக்கு என்னவோ டைனமோ பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற அந்தச் சின்ன டென்சனர் புல்லி மேல்தான் சந்தேகம். புல்லி முழுசாக ஹட்டனில் கிடைக்கவில்லை, கொழும்பு பஞ்சிகாவத்தைப் பாகக் கடைகளில் சொல்லி எடுக்க வேணுமாம். உள்ளே இருக்கிற பெயாரிங்கை மட்டும் தட்டி எடுத்து மாற்ற முடியாதா? ஸ்பெனர் செட் இருக்கிறது, அழுத்தி ஏற்றுகிற பிரஸ் இல்லை.

ஸ்டோர்_ஃபிட்டர்:
முடியும் தம்பி. நான் தேயிலை ஸ்டோரில் ஃபிட்டர், பெயாரிங் மாற்றுவதுதான் பாதி வேலை. ஆனால் டைனமோவா புல்லியா என்று முதலில் நிச்சயம் பண்ணுங்கள். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், சத்தம் மாறினால் பெல்ட், மாறாவிட்டால் பெயாரிங். அப்புறம் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்கள், அதே பெல்ட்டில் வாட்டர் பம்ப்பும் ஓடினால் ஒரு நிமிசத்துக்கு மேல் வேண்டாம். பெல்ட் இல்லாத நேரத்திலேயே இரண்டையும் கையால் சுற்றிப் பாருங்கள். நல்ல பெயாரிங் சத்தமில்லாமல் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றி உடனே நிற்கும். கிரீஸ் போனது பம்பரம் மாதிரி நெடுநேரம் சுற்றும், விரலில் கரகரப்பும் தெரியும். சுற்றுவது நல்லது என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

கழற்றும்போது நடுவில் இருக்கிற நட்டைத் தளர்த்தின பிறகுதான் அட்ஜஸ்ட் போல்ட்டில் கை வைக்க வேணும், இல்லாவிட்டால் போல்ட் முறியும். வாசர், தூசி மூடி எல்லாம் எந்த வரிசையில் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுங்கள். புல்லியில் பெயாரிங்கைப் பிடித்திருக்கிற கம்பி வளையம், சேர்க்ளிப், இருந்தால் அதை எடுத்துவிட்டுப் பெயாரிங்கைப் பின்பக்கமாகத் தட்டுங்கள். பழையதுதானே, எங்கே தட்டினாலும் பரவாயில்லை. புதியதைப் போடும்போதுதான் கவனம். பெயாரிங்கை இரவு ஃப்ரீசரில் வையுங்கள், இரும்புப் புல்லியைக் கொதிநீரில் போட்டு எடுத்து நன்றாகத் துடையுங்கள், பாதி தூரம் தானாகவே இறங்கும். மிச்சத்துக்கு ஒரு நீளப் போல்ட், நட்டு, வெளிவளையத்தின் அளவுக்கு ஒரு சொக்கெட் போதும், நட்டை இறுக்க இறுக்க உள்ளே போகும்.

பண்டாரவளை_வேன்:
மேலே அண்ணன் சொன்ன ‘வெளிவளையம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் என் வேனில் உள்வளையத்தில் சுத்தியலால் தட்டி ஏற்றினேன். அடி முழுக்க உள்ளே இருக்கிற குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடுகிற பாதையில் பள்ளம் விழுந்துவிட்டது. இரண்டு கிழமைதான், அதே சத்தம். இன்னொன்று, புல்லி பிளாஸ்டிக் என்றால் பெயாரிங்கைச் சுற்றி வார்த்திருப்பார்கள், அதைத் தட்டி மினக்கெட வேண்டாம், முழுசாக வாங்குங்கள். டைமிங் பெல்ட் டென்சனர் என்றாலும் அப்படித்தான். அது போனால் எஞ்சினே போகும், அங்கே சிக்கனம் பார்க்கக்கூடாது.

கொட்டகலை_சன்னி:
கழற்றிவிட்டேன்! புல்லிதான், இரும்பு. பெயாரிங்கின் ரப்பர் மூடியைத் துடைத்தால் 6203 என்று தெரிகிறது, பின்னால் அழிந்துவிட்டது. கடையில் தகர மூடி போட்டது தருகிறார்கள், அளவு ஒன்றுதான் என்கிறார்கள். வாங்கலாமா?

ஸ்டோர்_ஃபிட்டர்:
அளவு ஒன்றுதான், துளை 17, வெளி விட்டம் 40, தடிப்பு 12 மில்லிமீட்டர். ஆனால் தகர மூடி போட்டது இசட்.இசட்., அதன் ஓரத்தில் மெல்லிய இடைவெளி இருக்கும். நம்ம ஊர் மழைக்கும் சேற்றுக்கும் இரண்டு பக்கமும் ரப்பர் உள்ள 2ஆர்.எஸ். தான் சரி. பின்னால் சி3 என்று இருந்தால் இன்னும் நல்லது, சூட்டில் விரிய உள்ளே கொஞ்சம் கூடுதல் இடம் விட்டிருப்பார்கள். புல்லி சின்னது என்பதால் எஞ்சினை விட வேகமாகச் சுற்றும், எஞ்சின் தண்டில் இருக்கிற கிராங்க் புல்லியில் பாதி விட்டம் என்றால் எஞ்சின் நிமிசத்துக்கு 3000 சுற்றும்போது இது 6000. அதனால் மலிவான டூப்ளிகேட் வேண்டாம். பெல்ட்டையும் அளவுக்கு மேல் இறுக்காதீர்கள், புது பெல்ட் போட்டபோது கராஜ் பாஸ் அதைக் கம்பி மாதிரி இறுக்கியிருந்தால் பெயாரிங் இன்னும் கெட்டதற்கு அதுவும் ஒரு காரணம். சர்வீஸில் எஞ்சினுக்குள் பிரஷரில் தண்ணீர் அடிக்கவும் விடாதீர்கள். சத்தம் வருகிறது என்று டபிள்யூ.டி.40 ஸ்ப்ரே அடித்தீர்களா?

கொட்டகலை_சன்னி:
அடித்தேன் அண்ணே, மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் நன்றாக இருந்தது.

ஸ்டோர்_ஃபிட்டர்:
இருந்த கிரீஸையும் கழுவிவிட்டீர்கள்.

கொட்டகலை_சன்னி:
முடிந்தது. நாவலப்பிட்டியில் 2ஆர்.எஸ். கிடைத்தது. ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் வைத்ததற்கு வீட்டில் திட்டு. சொக்கெட் அளவு சரிவராததால் பழைய பெயாரிங்கையே மேலே வைத்து நட்டை இறுக்கினேன், நேராக இறங்கியது. இன்றைக்கு வட்டவளை ஏற்றத்தில் றேடியோ கேட்டேன். பழைய பெயாரிங் மகன் கையில். பலகை வண்டி செய்யப்போகிறானாம், இன்னும் மூன்று வேணுமாம்.