'ஸ்வெட்' பார்த்த அன்று

2019-இல் லண்டன் கீல்குட் அரங்கில் லின் நாட்டேஜின் 'ஸ்வெட்' பார்த்தேன். 2017-இல் புலிட்சர் பரிசு வாங்கிய நாடகம் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாமல்தான் போனேன்.

பென்சில்வேனியாவில் ரெடிங் என்ற ஊர். கதை பெரும்பாலும் ஒரு மதுக்கடையிலேயே நடக்கிறது. ஆலையில் வருஷக்கணக்காகச் சேர்ந்து வேலை பார்க்கும் ட்ரேசி, சிந்தியா, ஜெஸ்ஸி மூவருக்கும் பிறந்தநாள் என்றால் அங்கேதான். சிந்தியா கருப்பினப் பெண். அவளுக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. அதே பதவிக்கு விண்ணப்பித்த ட்ரேசியால் தாங்க முடியவில்லை. அப்புறம் ஆலை சில இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போகிறது, சம்பளத்தைக் குறைக்கச் சொல்கிறது, கடைசியில் கதவடைப்பு.

என்னை உலுக்கியது ஆஸ்கர். மதுக்கடையில் எடுபிடி வேலை செய்யும் பையன், கொலம்பியக் குடும்பம். ஸ்பானிஷில் அச்சடித்த வேலை அறிவிப்பு ஒன்றை வைத்துக்கொண்டு ட்ரேசியிடம் விசாரிக்கிறான். அவளோ தன் குடும்பம் எத்தனை காலமாக இங்கே இருக்கிறது என்று பேசுகிறாள். நானும் இங்கேதான் பிறந்தேன் என்று அவன் சொல்வது அவள் காதில் ஏறவே இல்லை. கதவடைப்பின்போது அவன் ஆலைக்குள் வேலைக்குப் போனதும்தான் எல்லார் கண்ணிலும் படுகிறான், எதிரியாக.

அப்போது நான் ஒரு கிடங்கில் பேக்கிங் வேலையில் இருந்தேன். எங்கள் ஓவர்டைமை நிறுத்திவிட்டு ஏஜென்சி ஆட்களை இறக்கியிருந்தார்கள். சாப்பாட்டு அறையில் அவர்கள் மேசைப் பக்கம் நாங்கள் யாரும் போக மாட்டோம். ஒரு ருமேனியப் பையன் மைக்ரோவேவை எப்படிப் போடுவது என்று என்னிடம் கேட்டான். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டேன். ஓவர்டைமை நிறுத்தியது யாரென்று எனக்குத் தெரியும். அவருக்கு தினமும் குட்மார்னிங் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசிக் காட்சி எட்டு வருஷம் கழித்து, 2008-இல். ஆஸ்கரோடு நடந்த அடிதடியில் மட்டை தலையில் பட்டு, மதுக்கடையை நடத்தி வந்த மேலாளர் ஸ்டான் நிலைகுலைந்து போயிருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்வது ஆஸ்கர். அந்த அடிதடிக்காகச் சிறைக்குப் போய் வந்த ட்ரேசியின் மகனும் சிந்தியாவின் மகனும் எதிரே நிற்கிறார்கள். விளக்கு அணைந்தபோது எனக்குக் கை தட்ட வரவில்லை.

---

அண்ணா, 2018-இல் நியூயார்க் பப்ளிக் தியேட்டர் இதை பென்சில்வேனியா, ஒஹாயோ, மிச்சிகன் பக்கம் ஊர் ஊராகக் கொண்டுபோய் இலவசமாகப் போட்டது. அப்போது பார்த்தேன். எனக்கு மனசில் நின்றது சிந்தியா. நான் டீம் லீட் ஆன ஐந்தாவது மாதம், கூட வேலை பார்த்த நான்கு பேரை ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டு வேலை போன செய்தியைச் சொன்னேன். அதில் ஒருத்தி என் மகளின் முதல் பிறந்தநாளுக்குக் கேக் செய்துகொண்டு வந்தவள். சிந்தியாவைத் தோழிகள் கேள்வி கேட்கும்போது அந்த அறையின் நாற்காலிகூட ஞாபகம் வந்தது.

அந்த ருமேனியப் பையனிடம் அப்புறம் பேசினீர்களா?

---

பேசினேன், தங்கச்சி. மறுநாளே அவன் மேசையில் போய் உட்கார்ந்தேன். மைக்ரோவேவை அவனே கற்றுக்கொண்டிருந்தான். ஒரு மாதம் சேர்ந்து சாப்பிட்டோம். அப்புறம் அவனையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.